நஷ்டம் யாருக்கு என்று ரபி கேட்டார்

தம்பி, உன் குரல் பதிவு வந்தபோது ஆலையின் சோதனைக்கூடத்தில் மாதிரி எண்ணெயைக் குடுவையில் ஊற்றிக்கொண்டிருந்தேன். கையுறையைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். "மா, பெரியப்பாகிட்ட பேசிட்டேன். மணவறையில பாத பூஜை, தாரை வாக்குறது எல்லாத்துக்கும் பெரியப்பாவும் பெரியம்மாவும் நிக்கிறாங்களாம். நீங்க இந்தச் சடங்கெல்லாம் நம்புற ஆளு இல்லையே, உங்களுக்குப் பரவால்லதானே? ஓகேலா, டிரெய்ன் வந்துருச்சு, அப்புறமா கூப்புடுறேன்." சிங்கப்பூரில் உன் ரயில் கதவு மூடும் ஓசை அதற்குப் பின்னால் கேட்டது. நான் "சரி" என்று ஒரு சொல் எழுதி அனுப்பிவிட்டு மறுபடியும் கையுறையை மாட்டிக்கொண்டேன். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். உனக்கு அனுப்பிய பிறகு, பெயர்களை எடுத்துவிட்டு மற்றவர்களும் படிக்கக் கொடுப்பதாக இருக்கிறேன். என்னைப் போல "சரி" என்று எழுதி அனுப்பியவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள்.

நீ அப்படி நினைத்ததில் எனக்கு வியப்பில்லை. உன்னைப் பெற்றபோது எனக்குப் பத்தொன்பது வயது. லாரி விபத்தில் உன் அப்பா போனபோது நீ பாலர் பள்ளியில் இருந்தாய். அதற்குப் பிறகு நீ பார்த்த அம்மா வேலைக்குப் போவாள், வந்து சமைப்பாள், மிச்ச நேரத்தில் ஏதாவது புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சாப்பாடு முடிந்ததும் வந்துவிடுவாள். கோயில் திருவிழா என்றால் கூட்டம் ஆகாது என்பாள். படித்த பெண், இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று நீ முடிவு செய்துகொண்டாய். நானும் திருத்தவில்லை, ஏனென்றால் அது எனக்கு வசதியாக இருந்தது. உண்மை வேறு. குங்குமத் தட்டு வரிசையில் வரும், எனக்கு முன்னால் நிற்பவளோடு நின்று, என்னைத் தாண்டி அடுத்தவளிடம் போகும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அந்தத் தட்டு போகிற வழியில் நிற்கக் கூடாது என்றுதான் நான் தாமதமாகப் போனேன். அதற்கும் நம்பிக்கைக்கும் சம்பந்தமில்லை.

இதை நீ புரிந்துகொள்ள வேண்டுமானால் எங்கள் ஆலைக்கு வரும் ரபியைப் பற்றி நான் சொல்ல வேண்டும். ரபி என்றால் யூதர்களின் மதகுரு. ஹுத்தான் மெலிந்தாங் சாலையில் இருக்கும் எங்கள் ஆலையிலிருந்து செம்பனை எண்ணெய் வாங்கும் வெளிநாட்டு பிஸ்கட் கம்பெனிகள் சில, ஹலால் சான்றிதழோடு யூதர்களின் சான்றிதழான கோஷரையும் கேட்கின்றன. அதற்காக மெல்பர்னிலிருந்து ஒருவர் வருவார். வெள்ளைத் தாடி, சட்டைக்கு வெளியே தொங்கும் நூல்கள், தலையில் சின்னக் குல்லா. அதை மறைக்க நம் ஊரில் மேலே ஒரு கிரிக்கெட் தொப்பி. பாய்லர் பார்க்கும் மணியம் அண்ணன் முதல் நாளே அவருக்கு வெள்ளைக்கார ஐயர் என்று பெயர் வைத்துவிட்டார். "நம்ம ஐயராச்சும் நம்ம வீட்டுல ஒரு வாழப்பழம் சாப்புடுவாரு. இவரு முட்டையக்கூட சொந்தச் சட்டிய கொண்டாந்து அவிச்சிக்கிறாரும்மா. நம்மள எந்த சாதின்னு நெனச்சிட்டாரு?" என்பார்.

அவர் வந்த முதல் நாள் மேலாளர் என்னை அறிமுகப்படுத்தினார். நான் கையை நீட்டினேன். ரபி இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தலையை மட்டும் அசைத்தார். உன் அப்பா போய் அப்போது ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மேலாளர் இவரிடம் நான் தாலி அறுத்தவள் என்று சொல்லிவைத்திருக்கிறார் என்று. மெல்பர்னிலிருந்து வந்த மனிதருக்கும் என் கை ஆகாது என்று நான் நம்பினேன். மதியம் அவரோடு டேங்குகளைச் சுற்றிக் காட்டும்போது தேவையான சொற்களை மட்டும் பேசினேன். கடைசி டேங்குக்குப் பக்கத்தில் அவரே நின்று ஆங்கிலத்தில் சொன்னார்: மனைவியையும் நெருங்கிய இரத்த உறவையும் தவிர எந்தப் பெண்ணையும் தொடுவதில்லை என்பது அவர் கடைப்பிடிக்கும் விதி. நீங்கள் கை நீட்டும் முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும், உங்களைப் பலர் முன்னால் சங்கடத்தோடு நிற்க வைத்துவிட்டேன் என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். ஒரு பெண் கையை நீட்டிவிட்டாள் என்றால் அவள் அவமானப்படக் கூடாது என்பதற்காக அந்தக் கையைப் பற்றலாம் என்று சொல்லும் ரபிகளும் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை, ஆனால் அவர்கள் தவறு என்றும் சொல்ல மாட்டேன் என்றார். தன் விதியைச் சொன்ன கையோடு அதற்கு எதிரான கட்சியையும் மரியாதையோடு எடுத்துச் சொன்ன ஒரு மதக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை. விதவை என்ற சொல்லே அவர் பேச்சில் வரவில்லை. வீட்டுக்கு வந்து, என்னால் எப்படி அப்படி நினைக்க முடிந்தது என்று யோசித்தேன். ஒரு வருடத்துக்குள் அதை எனக்கு எவ்வளவு நன்றாகப் பழக்கிவிட்டார்கள் என்றும் யோசித்தேன்.

அதிலிருந்து அவர்களைப் பற்றிக் கிடைத்ததைப் படித்தேன். நீ ஹாலில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நான் படித்துக்கொண்டிருந்தது இதைத்தான். அவர்களுடைய சட்டம் வேதத்தில் இருக்கிறது. ஆனால் வேதத்தில் சொல்லப்பட்டது ஒரு வரி என்றால், அதற்கு ரபிகள் செய்த விவாதம் நூறு வரி. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்ற மாதிரி ஒரு வரியிலிருந்து, இறைச்சிக்கு ஒரு சட்டி, பாலுக்கு ஒரு சட்டி, இரண்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று ஒரு சமையலறையையே கட்டியிருக்கிறார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது அந்தக் கட்டடம் அல்ல, விவாதத்தை அவர்கள் எழுதிவைத்த முறை. தோற்ற கட்சியை அழிக்க மாட்டார்கள். பெரும்பான்மை இப்படிச் சொன்னது, இன்னார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் பெயரோடு பக்கத்திலேயே இருக்கும். தோற்றதை எதற்குச் சுமக்கிறீர்கள் என்று ரபியைக் கேட்டேன். என்றாவது ஒரு நாள், வேறு ஒரு சபைக்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் வேண்டியிருக்கும் என்றார். மேலே இருந்து ஒரு குரல் வந்து தீர்ப்புச் சொன்னாலும் அதை எடுத்துக்கொள்வதில்லை, கடவுள் வேதத்தைக் கொடுத்தாகிவிட்டது, இனிப் பேசித் தீர்க்க வேண்டியது மனிதர்கள்தான் என்று அவர்கள் நம்புகிறார்கள் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் சாமி மேல் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும் வீட்டில் வாழ்க்கைப்பட்ட எனக்கு அது கொஞ்சம் பயமாகவும் நிம்மதியாகவும் இருந்தது.

அவர்கள் சட்டம் முழுக்க நல்லது என்று நான் சொல்லவில்லை. கணவன் விவாகரத்துப் பத்திரம் கொடுக்க மறுத்தால் மனைவி வருடக்கணக்கில் கட்டுண்டு கிடக்கும் கதைகளையும் படித்தேன், ரபியிடமே கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பயன்பட்டது அவர்களுடைய முடிவுகள் அல்ல. ஒரு கேள்வி வந்தால் முதலில் எதைக் கேட்கிறார்கள் என்பதுதான். அதை நான் கற்றுக்கொண்டது ஒரு தீபாவளிக்கு முதல் நாள்.

சான்றிதழ் இல்லாத எண்ணெய் சூடாக இருந்த ஒரு டேங்கை அன்று சுத்தப்படுத்த வேண்டியிருந்தது. சூட்டில் பாத்திரம் சுவையை உள்ளே வாங்கிக்கொள்கிறது, சூட்டில்தான் அதை வெளியே விடும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் டேங்கை ஒரு முழு நாள் சும்மா போட வேண்டும், சூடு படக் கூடாது. பிறகு ரபி பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீர் நிறைத்துக் கொதிக்கவிட வேண்டும். மணியம் அண்ணன் அந்த ஒரு நாள் முடியும் முன்பே ஸ்டீம் வால்வைத் திறந்துவிட்டார். யாரும் பார்க்கவில்லை, வால்வை மூடிவிட்டு அவரேதான் வந்து சொன்னார். "ஏண்ணே தொறந்தீங்க?" என்றேன். "சும்மா கெடக்குற டேங்குக்கு எதுக்கு காவல்னு நெனச்சேம்மா. சித்தியவான் வீட்டுல எல்லாரும் வந்து எறங்கிட்டாங்க, பொண்டாட்டி இருவது தடவ போன் அடிச்சிட்டா" என்றார். மறுபடியும் முதலிலிருந்து ஒரு நாள் போட வேண்டும் என்றால் அந்த ஷிப்டில் இருந்த நம் ஆட்கள் யாரும் தீபாவளிக்கு வீட்டில் இருக்க முடியாது.

நான் ரபியிடம் போய்ச் சொன்னேன். அவர் சட்டப் புத்தகத்தை எடுக்கவில்லை. "மறுபடி தொடங்கச் சொன்னால் நஷ்டம் யாருக்கு?" என்று கேட்டார். கப்பல் காத்திருக்கிறது, கம்பெனிக்கு என்றேன். "கம்பெனி தாங்கும். வேறு யாருக்கு?" நான் ஆட்களைக் காட்டினேன். அந்த நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். விடியும் முன் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, புதுத்துணி, பிள்ளைகளோடு சாப்பிடுவது என்று சொன்னேன். அவர் டேங்கின் பக்கம் போய் உள்ளங்கையை அதன் சுவரில் வைத்தார். தொட்ட கை தானாகப் பின்வாங்கும் சூடுதான் அவர்களுக்குச் சூடு. அதற்குக் குறைவானது வெதுவெதுப்பு. மணியம் அண்ணனைத் தொடச் சொன்னார், என்னையும் சொன்னார். யார் கையும் பின்வாங்கவில்லை. வெளியே போய் மெல்பர்னில் இருக்கும் தன் ஆசிரியரோடு நெடுநேரம் போனில் பேசிவிட்டு வந்தார். "ஒரு நாள் கணக்கு முறியவில்லை" என்றார். "இதில் கடுமையான கட்சி ஒன்று உண்டு. வேறு நாளாக இருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். இன்று எடுத்தால் பக்தி என்னுடையதாக இருக்கும், விலை இவர்கள் கொடுப்பதாக இருக்கும்." அன்று மாலையே தண்ணீர் கொதித்தது. மணியம் அண்ணன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பும்போது, "நல்லவருலா ஐயரு. அடுத்த வாட்டி முறுக்கு கொண்டாந்து குடுக்கணும்" என்றார். அவர் சாப்பிட மாட்டாரே அண்ணே என்றேன். "பரவால்லம்மா, பாக்கட்டும்" என்றார். அதே ரபி இன்னொரு முறை, முன்பு என்ன ஏற்றியது என்று தெரியாத ஒரு டேங்கரைத் திருப்பி அனுப்பினார். மேலாளர் மன்றாடியும் அசையவில்லை. அதன் நஷ்டம் கம்பெனியுடையது. அவர் இளகிய மனிதர் என்று நான் சொல்லவரவில்லை. விதி யார் முதுகில் இறங்குகிறது என்று திரும்பிப் பார்ப்பவர் என்றுதான் சொல்கிறேன்.

உன் குரல் பதிவு வந்த வாரத்தில் அவர் வந்திருந்தார். நான் என் சொந்த விஷயத்தை ஆலையில் யாரிடமும் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். அவரிடம் கேட்டேன். உங்கள் கல்யாணத்தில் விதவைத் தாய் மகனோடு நடந்து வரலாமா என்று. அவர்களிடம் இதெல்லாம் இருக்காது என்ற எண்ணத்தில்தான் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். எங்களிலும் உண்டு என்றார். மணமக்களைப் பந்தலுக்கு அழைத்து வருவது ஜோடியாக இருக்கும் தம்பதியாக இருக்க வேண்டும் என்று சில ஊர்க்காரர்கள் வைத்திருக்கிறார்கள், அது சட்டமல்ல, வழக்கம், வழக்கத்துக்கும் எங்களிடம் பலம் உண்டு என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உங்களிடம் அந்தக் கேள்வி வந்தால் என்ன சொல்வீர்கள் என்றேன். "நான் முதலில் கேட்பது, அம்மாவைக் கேட்டீர்களா என்பதுதான். அநேகமாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு சட்டத்தைப் பார்க்கலாம் என்று அனுப்புவேன்." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "உங்களைக் கேட்டார்களா?" நான் உன்னை விட்டுக்கொடுக்காமல், கேட்டான் என்றேன். "என்ன பதில் சொன்னீர்கள்?" என்றார். நான் எடை மேடையைக் காட்ட அவரை அழைத்துப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை தெலுக் இந்தானிலிருந்து கிளம்பி ஈப்போவுக்கு உன் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் டிவியை நிறுத்தினார். "ஏம்மா, அவனே சரின்னுட்டான். அம்மாவுக்கு ஒன்னுமில்ல பெரியப்பா, அவங்க இதெல்லாம் பாக்க மாட்டாங்கன்னான். இப்ப நீ வந்து நிக்கிற" என்றார். "அவன் சொன்னது தப்பு மாமா. எனக்கு இருக்கு" என்றேன். "தோட்டத்துல எங்கப்பா காலத்துலேருந்து இப்புடித்தான்லா நடக்குது. நானா கண்டுபுடிச்சேன்?" என்றார். அடுக்களையிலிருந்து உன் பெரியம்மா ஈரக்கையோடு வந்தார். "நம்ம மக சடங்குலயும் நான் அப்பவே சொன்னேன்ல, அவ வந்து தண்ணி ஊத்துனா என்னா இப்பன்னு? வாய மூடுன்னீங்க. இவ பின்னால உக்காந்து நூறு பேருக்கு குடிக்க சிரப் தண்ணி கலக்குனா. அந்தப் புள்ளைக்கு என்னா கெட்டுப்போச்சு இப்ப, நல்லாத்தானே இருக்கு?" உன் பெரியம்மா அப்படிச் சொன்னதே அன்றுவரை எனக்குத் தெரியாது. நம் வீட்டிலும் தோற்றுப்போன ஒரு கட்சி இருந்திருக்கிறது. யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

பெரியப்பா டிவி ரிமோட்டை மேசையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஆஸ்பத்திரியில தம்பிய அடையாளம் காட்டுனவன் நான். ஒனக்குத் தெரியாது அது. அந்தப் பையன ஸ்கூலுக்கு நாந்தான் ஏத்திக்கிட்டுப் போனேன், நாந்தான் ஏத்திக்கிட்டு வந்தேன். நாளைக்கு அவனுக்கு ஒன்னு ஆச்சுன்னா, அன்னிக்கு நீ சும்மா இருந்திருக்கலாமேன்னு எனக்குத் தோணும். எனக்கு பயமா இருக்கும்மா." அவர் என்னை ஒதுக்குவதற்காக இதைச் செய்யவில்லை என்பது எனக்கும் தெரியும். அவர் பயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆனால் அந்தப் பயத்தின் விலையை இத்தனை வருடமாகக் கொடுத்துக்கொண்டிருப்பது நான். அதை அவரிடம் அப்படியே சொன்னேன். "நீங்களும் அக்காவும் ஒக்காருங்க மாமா. வேணாங்கல. நானும் ஒக்காருறேன். மூணு நாற்காலி போடச் சொல்லலாம். என் நாற்காலிய எடுத்துட்டு உங்களுக்குப் போட வேணாம்" என்றேன். அக்கா, "மூணு நாற்காலின்னா மணவற ஒடஞ்சா போயிரும்?" என்றார். பெரியப்பா சிரிக்கவில்லை. "அவன் வாயால சொல்லட்டும். அவன்தான் வேணாம்னான், அவனே வேணும்னு சொல்லட்டும். நான் மறிக்கல" என்றார். அங்கே அந்தப் பேச்சு நின்றது. வாசல் வரை வந்து காருக்குள் கொய்யாப்பழப் பையை வைத்துவிட்டுப் போனார்.

ஆகவே இப்போது அது உன்னிடம் இருக்கிறது. கோபத்தில் கோயில் கல்யாணமே வேண்டாம், பதிவுத் திருமணம் மட்டும் போதும் என்று கிளம்பிவிடாதே. உன்னால் அப்படிச் செய்ய முடியும் என்பது எனக்குத் தெரியும். செய்தால் என் நஷ்டத்தைத் தூக்கி, நீ கட்டிக்கொள்ளப் போகும் மேகலா மேல் வைத்ததாக ஆகும். அவள் ஒரு வருடமாக அந்த நாளுக்காகக் காத்திருக்கிறாள். பெரியப்பாவோடு வாதாடவும் வேண்டாம். சாஸ்திரத்தில் இல்லை என்று நிரூபித்து அவரை வாயடைக்க வைப்பதால் எனக்கு ஒன்றும் கிடைக்காது. அவரைக் கூப்பிட்டு, அம்மாவிடம் நான் ஒழுங்காகக் கேட்கவில்லை, இப்போது கேட்டுவிட்டேன், அம்மாவும் மேடையில் இருக்க வேண்டும் என்று சொல், போதும்.

நீ கேட்டதற்கு என் பதில் இதுதான்: எனக்குப் பரவாயில்லாமல் இல்லை. நீ பிறந்த நாளிலிருந்து அந்த மேடையில் நிற்பதை நினைத்து வைத்திருக்கிறேன். உன் அப்பாவோடு நிற்பதாக நினைத்தேன். அது இல்லை என்று ஆன பிறகு தனியாக நிற்பதாக நினைத்தேன். நிற்காமல் இருப்பதாக ஒருநாளும் நினைக்கவில்லை. நீ பேசாவிட்டாலும் அன்று நான் மேடை ஏறுவேன். மாப்பிள்ளையின் அம்மா எங்கே என்று குருக்கள் கேட்கும்போது, இங்கே இருக்கிறேன் என்று நானே சொல்லிக்கொள்வேன், சொல்ல எனக்கு இப்போது தைரியம் இருக்கிறது. ஆனால் தம்பி, அதை நீ சொல்லி நான் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

அம்மா